ஏஎம்மில் வெறும் இரைச்சல்தானா? மலையகத்தில் ரேடியோவைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

மலையகத்தில் "ஏஎம் வேலை செய்யவில்லை" என்று பழுது பார்க்கக் கொண்டுவரும் பல ரேடியோக்களுக்கு நோயே கிடையாது. நிலையம் மூடிப்போயிருக்கும். இல்லாவிட்டால் பக்கத்து அறையில் எரிகிற எல்இடி பல்ப் ஒட்டுமொத்த அலைவரிசையையும் விழுங்கிக்கொண்டிருக்கும். அதுவும் இல்லாவிட்டால் கேட்கிற நேரம் தப்பாக இருக்கும். ரேடியோவை நான்காவதாகத்தான் சந்தேகப்பட வேண்டும். அந்த ஒழுங்கிலேயே, என்ன அறிகுறி தெரிகிறதோ அதை வைத்துப் பார்த்துக்கொண்டு போவோம்.

தேவையானவை: புது பெட்டரி, ஒரு டோர்ச், கொஞ்சம் பொறுமை. ஸ்குரூ டிரைவர் இப்போதைக்கு வேண்டாம்.

அறிகுறி: பகலில் முள்ளை எங்கே திருப்பினாலும் "உஷ்" என்ற சத்தம் மட்டும்

பதற்றப்பட ஒன்றுமில்லை. நுவரெலியா, ஹட்டன், பதுளை பக்கம் பகல் பன்னிரண்டு மணிக்கு மத்திய அலையில், அதாவது ரேடியோவில் ஏஎம் என்று போட்டிருக்கும் பகுதியில், ஒன்றும் கேட்காமல் இருப்பது இன்றைக்குச் சாதாரணம். பக்கத்தில் பலமான நிலையம் இல்லாவிட்டால் நல்ல ரேடியோவும் அந்த "உஷ்" சத்தத்தைத்தான் தரும். சத்தம் சீராக, மெலிதாக இருந்தால் அது நல்ல அடையாளம்கூட.

பொழுது சாயட்டும். இரவு ஏழரை, எட்டு மணிக்கு ரேடியோவை பெட்டரியில் போட்டு, வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகத் திருப்புங்கள். நமது மத்திய அலை 531 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 1602 வரை போகும். வழியில் நின்று பார்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு. 882இல் புத்தளத்திலிருந்து டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோ. 400 கிலோவாட் வலு. 936 ஆல் இந்தியா ரேடியோவின் திருச்சி, 720 சென்னை, 1197 திருநெல்வேலி, 1269 மதுரை. 1053 தூத்துக்குடி, இலங்கை நேயர்களுக்கான தமிழ்ச் சேவையைச் சுமந்து வந்த அலைவரிசை அது.

இவற்றில் இரண்டு கேட்டாலே ரேடியோ நலம். முதலில் 882ஐத் தேடுங்கள். அது கிறிஸ்தவ சமய ஒலிபரப்பு. நிகழ்ச்சி உங்களுக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, மலையகத்தில் ஒரு ரேடியோவைச் சோதிக்க இதைவிடப் பலமான அளவுகோல் கிடைக்காது. ஆனால் நாள் முழுவதும் ஓடுவதில்லை. அதிகாலையும் மாலைக்குப் பிந்திய நேரமும்தான் அதன் வேளை. பகல் பத்து மணிக்கு 882இல் ஆள் இல்லையே என்று ரேடியோவைத் திட்டாதீர்கள்.

இரவிலும், வெளியிலும், புது பெட்டரியிலும் ஒன்றுமே கேட்கவில்லை என்றால் மட்டும் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: முன்பு கேட்ட இடத்தில் நிலையமே இல்லை

முள் சரியான இடத்தில்தான் நிற்கிறது. நிலையம்தான் எழுந்து போய்விட்டது.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால், வீட்டுப் பெரியவர்கள் ரேடியோவைத் தட்டித் தட்டிப் பார்ப்பது பெரும்பாலும் இந்தக் காரணத்தால்தான். கொழும்பில் 1925 டிசம்பர் 16ஆம் திகதி ஒலிபரப்பு தொடங்கியது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் ரேடியோ என்றாலே மத்திய அலையும் சிற்றலையும்தான். இலங்கை வானொலி அறிவிப்பாளர்களான எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள் பாக்கு நீரிணையைத் தாண்டி தமிழ்நாட்டு டீக்கடைகள் வரை போனதும் அந்த அலைகளில்தான். 1990களில் தனியார் எப்எம் நிலையங்கள் வந்தன. அரச வானொலியும் எப்எம்மை விரித்தது. அதன் பிறகு மத்திய அலை ஒலிபரப்பிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. இப்போது தலைகீழ்: கொழும்பை ஏஎம்மில் தேடினால் கிடைப்பதில்லை, இரவானால் திருச்சி கேட்கிறது.

ஏன் ஓய்ந்தன? ரசனை மாறியது ஒரு காரணம். ஆனால் கணக்கைப் பார்த்தால் வேறு கதை தெரியும். மத்திய அலையின் நீளம் நூற்றுக்கணக்கான மீட்டர். 882 கிலோஹெர்ட்ஸுக்கு ஓர் அலை 340 மீட்டர். அதன் கால் பங்கு உயரத்திலாவது கோபுரம் வேண்டும் என்று வைத்தால் 85 மீட்டர். 720க்கு 104 மீட்டர். அந்தக் கோபுரமே அன்டெனா; உச்சியில் எதையும் பொருத்துவதில்லை. அடியில் சக்கரத்தின் ஆரங்களைப் போல நாலாபக்கமும் செம்புக் கம்பிகளை மண்ணுக்குள் புதைக்க வேண்டும். முறையாகச் செய்தால் 120 கம்பி. அதற்கு ஏக்கர் கணக்கில் சமதரை வேண்டும். மலையகத்தில் சமதரைக்கு எங்கே போவது? கிடைத்தாலும் செம்பை யாரும் தோண்டாமல் காவல் காக்க வேண்டும். பழைய வால்வு ஒலிபரப்பி என்றால், காற்றில் விடுகிற ஒவ்வொரு வாட்டுக்கும் ஏறக்குறைய இரண்டு வாட் மின்சாரம் இழுக்கும். மிச்சம் முழுவதும் சூடு. அந்தச் சூட்டைத் தணிக்கத் தனியாகக் கரண்ட்.

எப்எம்முக்கு அலை மூன்று மீட்டர்தான். அன்டெனாவை இரண்டு பேர் தூக்கிவிடலாம். ஓர் உச்சியில் வைத்து ஒருசில கிலோவாட் கொடுத்தால் கண்ணுக்குத் தெரிகிற இடமெல்லாம் கேட்கும். சிறிய நிலையம் நடத்துகிற யாரும் இந்தக் கணக்கைப் போட்டால் ஒரே முடிவுக்குத்தான் வருவார்கள்.

சிற்றலை ரேடியோ வைத்திருப்பவர்களுக்கும் இதே பதில். பிபிசி தமிழோசை கிடைக்கவில்லை என்று இன்னும் சிலர் இரவு ஒன்பது மணிக்கு முள்ளைத் திருப்புகிறார்கள். 1941இல் தொடங்கிய அந்த வானொலிச் சேவை 2017 ஏப்ரல் 30ஆம் திகதியோடு நின்றுவிட்டது. அதற்கு எந்த அன்டெனாவும் மருந்தாகாது.

அறிகுறி: இரவில் நன்றாகக் கேட்கிற திருச்சி விடிந்ததும் காணாமல் போகிறது

இது பழுதே இல்லை. வானத்தின் வேலை. பகலில் சூரிய ஒளி பட்டு, தரையிலிருந்து 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் ஓர் அயனி அடுக்கு உருவாகிறது. மேலே போகிற மத்திய அலையை அது உறிஞ்சிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கலைந்துபோகும். அலை அதற்கும் மேலே உள்ள அடுக்குகளில் பட்டுத் திரும்பி நம் தலையில் இறங்கும். நுவரெலியாவிலிருந்து திருச்சி நேர்கோட்டில் ஏறத்தாழ 480 கிலோமீட்டர். பகலில் தரை வழியாக வந்தாக வேண்டும். இரவில் வானம் வழியாக வந்துவிடுகிறது.

யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் பகலிலேயே இந்திய நிலையங்கள் கேட்கின்றனவே என்பார்கள். நியாயமான கேள்வி. கடல் நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதன் மேல் மத்திய அலை வழுக்கிக்கொண்டு வரும். நமது மலைகள் பழைய கடும் பாறை. மின்கடத்தலில் கடல் நீருக்குப் பக்கத்தில்கூட வராது. கரையேறிய அலை மலைநாட்டை நோக்கி வருகிற ஒவ்வொரு கிலோமீட்டரிலும் இளைத்துக்கொண்டே வரும்.

இரவில் சத்தம் ஏறி இறங்குவதும் இதே கணக்குதான். மேலடுக்கு அசையும்போது அலை வரும் பாதையும் அசையும். அரை நிமிடம் கழித்துத் திரும்பி வரும், விட்டுவிடுங்கள். புத்தளத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அது 150, 160 கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. இரவில் தரை வழியாக வருகிற அலையும் வானத்திலிருந்து இறங்குகிற அலையும் கிட்டத்தட்ட சம பலத்தில் மோதிக்கொண்டால், குரல் தொண்டை கட்டியது போல் கோணலாக ஒலிக்கும். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ரேடியோவைக் கொஞ்சம் திருப்பிவைத்தால் சில நேரம் சரியாகும்.

அறிகுறி: "கர்ர்ர்" என்ற இரைச்சல், எந்த இடத்தில் வைத்தாலும் குறையவில்லை

இன்றைக்கு மலையகத்தில் ஏஎம்மைக் கொல்வது மலையைவிட அதிகமாக இதுதான். நேரம் எடுத்துச் செய்ய வேண்டிய சோதனையும் இதுதான்.

ரேடியோவை பெட்டரியில் போடுங்கள். நிலையம் எதுவும் இல்லாத, கீழ்ப்பக்கத்து அலைவரிசை ஒன்றில் வையுங்கள். இரைச்சல் கேட்கும்போதே வீட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். இரைச்சல் நின்றுவிட்டதா? திருடன் உங்கள் வீட்டில். மெயினைப் போட்டுவிட்டு ஒவ்வொரு பல்பாக, ஒவ்வொரு பிளக்காக ஏற்றிப் பாருங்கள். மலிவு எல்இடி பல்புகளில், மின்சாரத்தை மாற்றும் சிறு சுற்று நொடிக்குப் பல்லாயிரம் தடவை திறந்து மூடும். அந்த இரைச்சலை வெளியே விடாமல் தடுக்கும் சுருளையும் கொண்டென்சரையும் ஐந்து, பத்து ரூபாய் மிச்சம் பிடிக்க விட்டுவிடுவார்கள். பிறகு வீட்டு வயரிங் முழுவதும் அன்டெனாவாகி, அந்த இரைச்சலையே ஒலிபரப்பும்.

லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருப்பவர்களுக்கு இது இன்னும் சிக்கல். ஒரே சுவர், ஒரே கூரை, பல வீடுகளுக்கு ஒரே கம்பியில் கரண்ட். உங்கள் மெயினை அணைத்த பிறகும் "கர்ர்" நிற்கவில்லை என்றால், ரேடியோவைக் கையில் எடுத்துக்கொண்டு இஸ்தோப்பு (முன் திண்ணை) வழியாக லயத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பாருங்கள். இரைச்சல் எந்தக் கதவுக்கு எதிரில் ஏறுகிறதோ அங்கே நில்லுங்கள். "அக்கா, அந்த முன் லைட்டக் கொஞ்சம் அணைச்சுப் போடுறீங்களா? ஒரு நிமிசம்தான்" என்று கேளுங்கள். லைட் அணைந்த அதே நொடியில் திருச்சி தெளிவாக வந்து நிற்கும்போது அக்காவுக்கே ஆச்சரியமாக இருக்கும். அப்புறம் நல்ல பல்ப் ஒன்றை நீங்களே வாங்கிக் கொடுத்து மாற்றிவிடுவது நல்லது. சண்டையும் வராது, ரேடியோவும் கேட்கும்.

இரைச்சலின் குணத்தை வைத்தே ஆளைப் பிடிக்கலாம். இடைவிடாத "ர்ர்ர்" என்றால் பல்ப். முள்ளைத் திருப்பும்போது குறிப்பிட்ட இடைவெளிக்கு ஒரு தடவை எழுந்து அடங்கினால் போன் சார்ஜர் அல்லது டிவி பெட்டியின் அடாப்டர். வெயில் இருக்கும்போது மட்டும் வந்து, பொழுது சாய நின்றுவிட்டால் யாரோ வீட்டு சோலார் கருவி. "டப், டப்" என்று தனித்தனியாக வெடித்தால் தூரத்து மின்னல். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி மழைக் காலத்தில் அது தவிர்க்க முடியாதது. பனி மூட்டம் இறங்கும்போது கூடி, வெயில் ஏறியதும் குறைகிற "சர்ர்" சத்தம் பெரும்பாலும் மின்கம்பத்தில் அழுக்கேறிய அல்லது வெடித்த பீங்கான். அதை நீங்கள் தொடவே கூடாது. மின்சார சபைக்குக் கம்பத்தின் இலக்கத்தைச் சொல்லிவிடுங்கள்.

மருந்து என்னவென்றால்: ரேடியோவை அடாப்டரில் ஓட்டாதீர்கள், பெட்டரியில் ஓட்டுங்கள். வயரிங் ஓடும் சுவரிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி வையுங்கள். தகரக் கூரைக்கும் தகரச் சுவருக்கும் நடுவில் இருந்தால் ஜன்னல் பக்கமோ இஸ்தோப்புக்கோ கொண்டுவாருங்கள். தகரம் வெளியிலிருந்து வரும் அலையைத் தடுக்கும், உள்ளேயிருக்கும் இரைச்சலை விட்டுவைக்கும். கணினி வயர்களில் இருக்கும் அந்தக் கருப்பு உருண்டை ஒன்று கிடைத்தால், சார்ஜர் வயரை அதற்குள் நான்கைந்து சுற்று விட்டுப் பாருங்கள். ஓரளவு அடங்கும்.

அறிகுறி: ரேடியோவைத் திருப்பினால் நிலையம் மறைகிறது

நல்ல செய்தி. அன்டெனா சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இழுக்கிற கம்பி எப்எம்முக்கும் சிற்றலைக்கும்தான். மத்திய அலைக்கு அது சும்மா. ஏஎம்மின் அன்டெனா பெட்டிக்கு உள்ளே, செம்புக் கம்பி சுற்றிய ஒரு கருப்புக் கோல். பெரும்பாலும் பெட்டியின் மேற்பக்கம், நீளவாட்டில் படுத்திருக்கும். அந்தக் கோலின் பக்கவாட்டிலிருந்து வருவது நன்றாகக் கேட்கும். கோலின் நுனிகள் பார்க்கிற திசையிலிருந்து வருவது கேட்காது.

இதை மலையகத்துக்கு வசதியாக மாற்றிக்கொள்ளலாம். புத்தளம், தூத்துக்குடி, திருச்சி, மதுரை, சென்னை எல்லாமே நமக்கு ஏறத்தாழ வடக்குக்கும் வடமேற்குக்கும் இடையில்தான் இருக்கின்றன; தூத்துக்குடி மட்டும் வடமேற்கிலிருந்து கொஞ்சம் மேற்கே தள்ளியிருக்கும். தெற்கே கடல்தான். ஆகவே பெட்டியின் முகமோ முதுகோ வடமேற்கைப் பார்க்கட்டும். ஓரங்கள் வடகிழக்கையும் தென்மேற்கையும் பார்க்கட்டும். ஹட்டன் பக்கம் இருப்பவர்களுக்குத் திசைகாட்டியே வேண்டாம். பெட்டியின் ஒரு ஓரம் சிவனொளிபாத மலையையும் மறு ஓரம் பிதுருதலாகலையையும் பார்த்தால் சரி. திருச்சியும் புத்தளமும் அப்போது பெட்டியின் முகத்துக்கு நேரே வந்துவிடும்.

இதையே இரைச்சலுக்கு எதிராகவும் பயன்படுத்தலாம். வீட்டில் இரைச்சல் வரும் பொருளை நகர்த்த முடியாது என்றால், ரேடியோவை நகர்த்தி, அந்தப் பொருள் பெட்டியின் ஓரத்துக்கு நேராக, அதாவது தென்மேற்கிலோ வடகிழக்கிலோ வருகிற மாதிரி உட்காருங்கள். நிலையம் பக்கவாட்டில், இரைச்சல் நுனியில். இரண்டு நிலையங்கள் கலந்து கேட்டாலும் இதே வித்தைதான்: வேண்டாததை நுனிக்குத் தள்ளுவது. ஆனால் இரண்டும் ஒரே திசையில் இருந்தால் பலிக்காது.

இன்னும் பலம் வேண்டுமா? பெரிய சுருள் ஒன்று செய்யுங்கள். பக்கத்துக்கு 60 சென்டிமீட்டர் வரும் சதுர மரச்சட்டம், அதில் மெல்லிய இன்சுலேஷன் வயர் சுமார் பத்துச் சுற்று, சுற்றுக்குச் சுற்று அரை சென்டிமீட்டர் இடைவெளி. 25 மீட்டர் வயர் போதும். செத்த ரேடியோ ஒன்றிலிருந்து கேங் கொண்டென்சரை, அதாவது நிலையம் மாற்றத் திருப்பும் குமிழோடு சுழலும் பாகத்தைக் கழற்றி, சுருளின் இரு முனைகளையும் அதில் கட்டுங்கள். ரேடியோவோடு எந்த வயரையும் இணைக்க வேண்டாம். சுருளுக்குப் பக்கத்தில் ரேடியோவை வைத்து, கொண்டென்சரை மெதுவாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் நிலையம் திடீரென்று முன்னால் வந்து நிற்கும். பெட்டரி வேண்டாம், கரண்ட் வேண்டாம். பகலில் கேட்காத சில நிலையங்கள்கூட இதில் மெலிதாகத் தலைகாட்டும்.

கூரையில் நீளக் கம்பி கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இடி கேட்கும் முன்பே அதைக் கழற்றி வெளியே போடுங்கள். மலையில் மின்னல் பொறுத்திருக்காது.

அறிகுறி: மலை உச்சிக்கே கொண்டுபோனேன், பெரிய வித்தியாசம் இல்லை

எப்எம் பழக்கம் இது. எப்எம் அலை நேராகப் போகும். உயரம் அதற்கு எல்லாம். மத்திய அலை மலைகளைச் சுற்றி வளைந்து பள்ளத்துக்குள்ளும் இறங்கும். உயரத்தால் அதற்குப் பெரிய இலாபம் இல்லை. தேயிலை மலை நடுவில் ரேடியோ நன்றாகக் கேட்டதென்றால், அங்கே கரண்ட் கம்பி இல்லை என்பதுதான் முக்கால்வாசிக் காரணம். வீட்டுக்குக் கீழே, மின்கம்பிக்குத் தூரமாக, ஓர் ஆற்றங்கரை இருந்தால் அதுவும் அதே வேலையைச் செய்யும்.

அறிகுறி: திருச்சியோ சென்னையோ இருந்த இடத்தில், இரவிலும் சீரான "ஷ்ஷ்ஷ்" மட்டும்

காலியான இடத்தில் கேட்கும் "உஷ்" சத்தத்தைவிட இது பலமாக, அடைத்துக்கொண்டு இருக்கும். ரேடியோவைத் திருப்பினால் அதுவும் கூடிக் குறையும். அப்படியென்றால் அங்கே நிலையம் இருக்கிறது, பேசுகிற மொழிதான் மாறிவிட்டது. ஆல் இந்தியா ரேடியோ பல மத்திய அலை ஒலிபரப்பிகளை டிஆர்எம் என்ற டிஜிட்டல் முறைக்கு மாற்றியிருக்கிறது. சில இடங்களில் பழைய முறையும் டிஜிட்டலும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். முள்ளைக் கொஞ்சம் கீழே தள்ளினால் குரல் கிடைக்கலாம். முழு டிஜிட்டல் நேரமாக இருந்தால் சாதாரண ரேடியோவில் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கான ரேடியோ நமது கடைகளில் தேடிப் பிடிப்பது கஷ்டம், விலையும் கூடுதல்.

அறிகுறி: புது டிஜிட்டல் ரேடியோ, எல்லா நிலையமும் கீச்சென்று, கோணலாக

இலக்கத்தைப் பாருங்கள். 880, 890, 900 என்று பத்துப் பத்தாகத் தாவுகிறதா? அது அமெரிக்கக் கணக்கு. நமது பக்கம் ஒன்பது ஒன்பதாக: 873, 882, 891. அமைப்பில் 9 என்று மாற்றும் வசதி அநேகமாக எல்லா ரேடியோவிலும் இருக்கும். மாற்றிவிட்டால் முடிந்தது.

அறிகுறி: எப்எம்மும் சரியில்லை, ஓர் அறையில் கேட்கிறது, அடுத்த அறையில் இல்லை

ஏஎம் போனால் போகட்டும், எப்எம் இருக்கிறதே என்பவர்கள் மலையகத்தில் ஒரு வளைவு திரும்பிப் பார்க்க வேண்டும். ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு பஸ்ஸில் போகும்போது டிரைவர் ஒரே பாட்டுக்காக எத்தனை தடவை ரேடியோவைத் தடவுகிறார் என்று கவனித்தால் புரியும். உச்சியிலிருந்து வரும் அலைக்கு நடுவில் ஒரு மலைமுதுகு வந்தால் அந்தப் பள்ளம் இருட்டுத்தான். ஒரே நிலையம் மலையின் இந்தப் பக்கம் ஓர் எண்ணிலும் அந்தப் பக்கம் இன்னோர் எண்ணிலும் ஒலிபரப்புவது இதனால்தான். உங்களுக்குப் பிடித்த நிலையம் மங்கிவிட்டால் முழு வரிசையையும் ஒரு தடவை தேடுங்கள். வேறோர் எண்ணில் தெளிவாகக் கிடைக்கக்கூடும்.

வீட்டுக்குள் மாறி மாறிக் கேட்பதற்குக் காரணம் எதிரொலி. எதிர் மலையில் பட்டு வரும் அலையும் நேராக வரும் அலையும் ஓரிடத்தில் ஒன்றையொன்று அழிக்கும். அலை மூன்று மீட்டர்தான் என்பதால் ரேடியோவை அரை மீட்டர் தள்ளினாலே மாறும். கம்பியை நேராக நிறுத்தாமல் படுக்கவைத்தும் பாருங்கள். பக்கத்துக்கு 75 சென்டிமீட்டராக இரண்டு கம்பிகளை ஒரே கோட்டில் கட்டி ஜன்னலில் பொருத்தினால் இன்னும் நல்லது.

சின்ன நிலையம் என்றாலே நினைவுக்கு வருவது கொத்மலை சமூக வானொலி. மகாவலித் திட்டத்தோடு 1989இல் வந்தது. எப்எம்தான். 1999இல் யுனெஸ்கோ உதவியோடு இணையத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள். அறிவிப்பாளர் இணையத்தில் தேடி வானொலியில் பதில் சொல்வார். வீட்டில் கணினி என்பது கனவாக இருந்த காலம் அது. கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் இணையப் பயன்பாட்டுக்கு இடம் ஒதுக்கினார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேட்காத வானொலிதான். ஆனால் கேட்டவர்களுக்கு அது தங்கள் ஊர்க்காரர் குரல். ஏஎம் நிலையங்கள் மூடியபோது போனதில் பாதி அதுதான் என்று எனக்குத் தோன்றும். தூரத்துச் சத்தத்துக்கு மாற்று கிடைத்துவிட்டது, பக்கத்துச் சத்தத்துக்குக் கிடைக்கவில்லை.

அறிகுறி: போனில் ஏஎம்மையே காணோம்

இருக்காது. அந்தக் கருப்புக் கோலுக்குப் போனில் இடமில்லை; போனுக்குள் இருக்கும் இரைச்சலே அதை மூழ்கடித்துவிடும். எப்எம் உள்ள போன்களுக்கு இயர்போன் வயர்தான் அன்டெனா. வயர் செருகும் துளை இல்லாத போன் என்றால் அதையும் மறந்துவிடுங்கள். செயலி வழியாகக் கேட்கலாம்தான். டேட்டா செலவாகும், சிக்னல் கோபுரம் கரண்ட் இல்லாமல் படுத்துவிட்டால் அதுவும் இல்லை. மண்சரிவு எச்சரிக்கை வருகிற மழை நாட்களில் கரண்ட் போவது வழக்கம் என்பதால், வீட்டில் பெட்டரி ரேடியோ ஒன்று இருப்பது நல்லது. அதில் எப்எம் மட்டும் இருந்தாலும் பரவாயில்லை.

இவ்வளவும் பார்த்தாயிற்று, இன்னும் ஒன்றும் கேட்கவில்லை

இப்போது ரேடியோவைச் சந்தேகப்படலாம். பெட்டரிக் கூட்டைத் திறந்து பாருங்கள். ஸ்பிரிங்கில் பச்சையோ வெள்ளையோ பொரிந்திருந்தால் வினிகர் நனைத்த துணியால் துடைத்து, காயவைத்து, உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். ஏஎம், எப்எம் மாற்றும் சுவிட்சை வேகமாகப் பல தடவை அங்கும் இங்கும் தள்ளுங்கள். மலைக்காற்றின் ஈரத்தில் அதன் தொடர்புகள் கறுத்துப்போவது வழக்கம். எப்எம் கேட்டு ஏஎம் மட்டும் கேட்காத பெட்டிகளில் பல இந்த ஒன்றுக்கே உயிர்பெறும்.

அதற்கும் மசியவில்லை என்றால் கடைதான். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள். "புது பெட்டரி போட்டு, ராத்திரி எட்டு மணிக்கு வெளியில வச்சுப் பாத்தேன் அண்ணே. எப்எம் நல்லா கேக்குது. 882லயும் சத்தம் இல்ல. சுவிட்சையும் தட்டிப் பாத்துட்டேன்" என்று சொல்லுங்கள். அனுபவமுள்ளவர் மூடியைக் கழற்றியதும் நேரே அந்தக் கருப்புக் கோலைப் பார்ப்பார். ரேடியோ ஒரு தடவை கீழே விழுந்திருந்தால் கோல் நடுவில் உடைந்திருக்கும். இல்லாவிட்டால் சுருளிலிருந்து வருகிற முடி போன்ற மெல்லிய கம்பிகளில் ஒன்று அறுந்து தொங்கும். உடைந்த கோலை ஒட்டிப் பிரயோசனம் குறைவு. பழைய ரேடியோ ஒன்றிலிருந்து சுருளோடு சேர்த்து எடுத்துப் பொருத்தச் சொல்லுங்கள். அதற்கான செத்த ரேடியோ அநேகமாக உங்கள் வீட்டுப் பரணிலேயே கிடக்கும், போகும்போது எடுத்துக்கொண்டு போங்கள்.